ஆமை ஓட்டின் தோற்றம்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஆமைக்கு ஓடு எப்படி வந்தது?

பதில்: விலா எலும்புகளும் முதுகெலும்பும் அகன்று இணைந்ததால் உருவானதே மேலோடு, ஆகவே ஆமையால் அதை விட்டு ஒருபோதும் வெளியேற இயலாது. தென்னாப்பிரிக்காவின் கரூ பாறைகளில் கிடைத்த, ஏறத்தாழ 26 கோடி ஆண்டுப் பழமையுடைய, ஆமையின் பழங்கால உறவாகக் கருதப்படும் யூனோடோசாரஸ் என்ற ஊர்வனத்துக்கு ஓடு இல்லை. ஆனால் அதன் ஒன்பது இணை விலா எலும்புகளும் இடைவெளியே இல்லாத அளவுக்கு அகன்றிருக்கின்றன. ஜெர்மனியில் கிடைத்து 2015இல் பெயரிடப்பட்ட, 24 கோடி ஆண்டுப் பழமையுடைய பாப்போகெலிஸில் வயிற்றுப் பக்க எலும்புகள் சில ஒன்றோடொன்று இணையத் தொடங்கியுள்ளன. சீனாவின் குய்சோ மாகாணத்து ஓடோன்டோகெலிஸுக்கு வயது 22 கோடி. அதற்குக் கீழோடு முழுமையாக உண்டு, மேலோடு இல்லை, தாடையில் பற்களும் உண்டு. இவற்றைப் பாட்டன், தகப்பன், மகன் என்று வரிசையில் நிறுத்திவிடாதீர்கள். இவை ஒரே மரத்தின் வெவ்வேறு கிளைகள்.

கேள்வி: ஓடோன்டோகெலிஸ் நீரில் வாழ்ந்தது. கீழிருந்து தாக்கும் எதிரிகளைத் தடுக்கவே ஓடு தோன்றியது என்பது தெளிவுதானே?

பதில்: கீழோட்டுக்கு அது பொருத்தமான விளக்கமே. ஆனால் அகன்ற விலா எலும்புகள் மூச்சையும் ஓட்டத்தையும் கெடுப்பவை. அந்த இழப்பை ஈடுகட்டிய நன்மை எது என்பதையும் சொல்ல வேண்டும். வலிய முன்னங்கால்களையும் பெரிய நகங்களையும் கொண்ட யூனோடோசாரஸ் மண் தோண்டி வாழ்ந்தது என்றும், அகன்ற விலாக்கள் உடலை நிலைநிறுத்தித் தோண்ட உதவின என்றும் 2016இல் ஓர் ஆய்வுக் குழு முன்வைத்த விளக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது.

கேள்வி (அதே வாசகர்): மேலோடு முதலில் இருந்து, நீர் வாழ்வால் பின்னர் குறைந்திருக்கலாம் அல்லவா?

பதில்: நல்ல எதிர்வாதம், 2008இல் ஓடோன்டோகெலிஸ் வெளிவந்தபோதே ஆய்வாளர்கள் அதை எழுப்பினர். ஆனால் 2018இல் அதே மாகாணத்திலிருந்து, அதைவிடச் சில பத்து லட்சம் ஆண்டுகள் மூத்த எயோரிங்கோகெலிஸ் அறிவிக்கப்பட்டது. இரண்டு மீட்டருக்கு மேல் நீண்ட அவ்விலங்குக்கு விலாக்கள் அகன்றிருந்தன. மேலோடும் இல்லை, கீழோடும் இல்லை. ஓடு படிப்படியாக வந்தது என்ற கருத்தை இது உறுதிப்படுத்துகிறது. மூத்த இதற்கு இன்றைய ஆமைகளைப் போல அலகு உண்டு, இளைய ஓடோன்டோகெலிஸுக்கு இல்லை. வரிசையில் நிறுத்தாதீர்கள் என்று மேலே சொன்னது இதனால்தான்.

கேள்வி: ஆமை டைனோசரிலிருந்து வந்ததா?

பதில்: இல்லை. மரபணு ஆய்வுகளின்படி, முதலைகளும் பறவைகளும் அடங்கிய கிளைக்கு ஆமைகள் நெருங்கிய உறவு.

கேள்வி: ஓட்டைக் கழற்றினால் ஆமை உயிரோடு இருக்குமா?

பதில்: முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: வீட்டில் வளர்க்கும் நட்சத்திர ஆமை சாப்பிட மறுக்கிறது.

பதில்: அதை வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். உடனே வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் ஆமைப் புதைபடிவம் உண்டா?

பதில்: உண்டு. அரியலூர்ப் பகுதியின் கல்லமேடு பாறைகளில் கிடைத்த, கிரெட்டேசியக் காலத்தின் இறுதியை, அதாவது டைனோசர்கள் அழிவதற்குச் சற்று முந்தைய காலத்தைச் சேர்ந்த ஆமைக்கு 2001இல் கூர்மடெமிஸ் என்று பெயரிட்டனர். அது கழுத்தைப் பக்கவாட்டில் மடக்கும் இனம். அத்தகைய ஆமைகள் இன்று ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் வாழ்கின்றன, இந்தியாவில் இல்லை. அப்பகுதியில் எலும்பு எதையேனும் கண்டால் பெயர்த்தெடுக்காதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் போனால் அதன் வயதைக் கணிப்பது மிகக் கடினம்.