ராட்டினத்தை ஓடும்போதே விற்றுவிடுங்கள்

கேள்வி: திருவொற்றியூர் பக்கம் கடலோரமாகச் சின்னப் பொழுதுபோக்குப் பூங்கா நடத்துகிறோம். கூட்டம் குறைந்துவிட்டது, கரண்ட் பில் கட்டவே திணறுகிறோம். ஜெயன்ட் வீல், கொலம்பஸ் (ஊஞ்சல் போல ஆடும் கப்பல்), டாஷிங் கார், குழந்தைகள் ரயில் இருக்கின்றன. இரண்டை விற்கலாம் என்று யோசனை. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: அவருக்கு இப்போதைக்குப் பதில் சொல்லாதீர்கள். அவர் பார்ப்பது இரும்பை. உங்கள் கொலம்பஸை வாங்கக்கூடியவர் வேறு ஆள்: ஊர் ஊராகத் திருவிழாவுக்கும் பொருட்காட்சிக்கும் ராட்டினம் போடும் கான்ட்ராக்டர். அவர் வந்ததும் "ஓட்டிக் காட்டுங்க" என்றுதான் கேட்பார். கழற்றி மூலையில் அடுக்கிவிட்டால் அவரும் எடை போட ஆரம்பித்துவிடுவார். அதனால் மின் இணைப்பு இருக்கும்போதே, நிற்கிற இடத்திலேயே விலை பேசி முடியுங்கள்.

பொங்கலை ஒட்டித் தீவுத்திடலில் பொருட்காட்சி, அப்புறம் பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள், கோடை விடுமுறை. ஐப்பசியில் பேச்சைத் தொடங்கினால் அவசரம் அவருக்கு. சீசன் முடிந்து ஆனியில் போய் நின்றால் அவசரம் உங்களுக்கு.

எதை விற்பது? ஜெயன்ட் வீல் நல்ல நிலையில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் போகிறவருக்குப் பூங்கா இருப்பதைச் சொல்வதே அதுதான். குழந்தைகள் ரயிலும் இருக்கட்டும், செலவு குறைவு. கொலம்பஸை விடலாம். போல்ட்டில் கழற்றி மாட்டும் வகை என்றால் நல்ல விலை வரும். கான்கிரீட்டில் புதைத்தது என்றால் குறைத்துத்தான் கேட்பார்கள். டாஷிங் காரைத் தனித்தனியாகப் பிரித்து விற்காதீர்கள். கரண்ட் தரும் கூரை வலை, தரைத் தகடு, ஏசி கரண்டை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் எல்லாம் சேர்ந்தால்தான் அது டாஷிங் கார். பேட்டரிக் கார்கள் வந்துவிட்டதால் வலைக் கார்களுக்கு முன்பிருந்த மவுசு இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

உங்களுக்குப் பெரிய பகை உப்புக்காற்று. பெயின்ட் பளபளவென்று இருக்கும், குழாய் உள்ளே அரித்துப் போயிருக்கும். அல்ட்ராசோனிக் கருவியால் குழாயின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். வெல்டிங் இணைப்புகளில் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழுந்து வரும். இந்தச் சோதனை அறிக்கை, பராமரிப்பு நோட்டு, வாங்கிய பில், மோட்டார், கியர்பாக்ஸ் பெயர்த்தகட்டின் படம் ஆகியவை கையில் இருந்தால் பேரம் உங்கள் பக்கம் சாயும். தாங்கு சட்டத்திலோ அச்சிலோ விரிசல் தெரிந்தால் மட்டும் அதை ராட்டினமாக விற்கவே கூடாது. கேஸ் கட்டரால் துண்டாக்கிய பிறகே இரும்புக்காரரைக் கூப்பிடுங்கள். பெயின்ட் அடித்துக் கைமாற்றினால் நாளை எந்த ஊர்த் திருவிழாவில் யார் பிள்ளை அதில் ஏறுமோ!

வரிக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. வாங்கியபோது கட்டிய ஜிஎஸ்டியை உங்கள் வரியில் கழித்துக்கொண்டிருந்தால் (இன்புட் கிரெடிட்), அதில் காலாண்டுக்கு 5 சதவீதம் வீதம் கழித்த மீதித் தொகை ஒரு பக்கம், விற்கும் விலைக்கான ஜிஎஸ்டி மறுபக்கம். எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். 5 ஆண்டு தாண்டிவிட்டால் முதல் கணக்கு பூஜ்யம், விற்கும் விலைக்கான வரிதான். எனவே விலை சொல்லும்போதே "ஜிஎஸ்டி தனி" என்று சொல்லிவிடுங்கள். வங்கிக் கடனில் அடமானம் இருந்தால் தடையில்லாச் சான்று வாங்காமல் முன்பணம் தொடாதீர்கள்.

கழற்றும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கிரேன் வாடகை ஷிப்ட் கணக்கு. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் வரிசையில் டிரெய்லர் மாட்டிக்கொண்டால், கிரேன் சும்மா நின்றாலும் மீட்டர் ஓடும். டிரெய்லர் கேட்டுக்குள் வந்த பிறகே கிரேனை வரச் சொல்லுங்கள். இணைப்புக்கு இணைப்பு பெயின்ட்டில் எண் போட்டு, கழற்றுவதை வீடியோ எடுத்து வாங்குபவரிடம் கொடுங்கள். மீதிப் பணம் வங்கிக் கணக்கில் ஏறாமல் வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது.