கடலூரில் பழகி ஏற்காடு ஏற முடியுமா?

சைக்கிள் கேள்வி–பதில்

லாஸ்பேட்டை வாசகர், புதுச்சேரி: எனக்கு 44 வயது, எடை 70 கிலோ. சில வருடங்களாக ரோடு பைக் ஓட்டுகிறேன். தினமும் காலையில் ஈ.சி.ஆர். பக்கம் 30 கி.மீ. போவேன். ஏற்காடு மலையை ஒரே நாளில் மூன்று முறை ஏறி இறங்க ஆசை. புதுச்சேரியில் பேருக்குக்கூட மலை இல்லையே, எங்கே பழகுவது? முன்னால் 50, 34 பல் சக்கரங்கள், பின்னால் 11 முதல் 28 பல் வரை கியர் இருக்கிறது. டிசம்பரில் போகலாமா? வீட்டில் ‘இந்த வயசில் எதுக்கு வேண்டாத வேலை’ என்கிறார்கள்.

தாராளமாக முடியும். அடிவாரத்திலிருந்து மேலே போய்ச் சேர ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும். மூன்று தடவைக்கு 3,000. ஒரு பகல் பொழுதுக்கு அது கனமான வேலைதான். ஆனால் அவசரப்படாதவருக்குக் கைகூடும்.

மலைக்கு ஏன் கவலை? தெற்கே மிதித்து வந்தால் எங்கள் கடலூரில் கேப்பர் மலை இருக்கிறது. மத்திய சிறை இருக்கும் அந்தச் செம்மண் மேட்டில்தான் நானும் பழகுகிறேன். விடிவதற்குள் போய்விடுவேன். முந்திரி மரங்கள் ஓரமாக ஏறி, மேலே காலை ஊன்றாமல் திரும்பி, இறங்கி, மறுபடி ஏறுவேன். எத்தனை தடவை என்று எண்ண வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். முதல் வாரம் ஒரு மணி நேரம் போதும். அப்புறம் வாரத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம் கூட்டி மூன்று மணி நேரம் வரை கொண்டு போங்கள்.

கேப்பர் மலை தராதது ஒன்று உண்டு. ஏற்காட்டில் இரண்டு மணி நேரம் கால் ஓயாது. இங்கேயோ சில நிமிடத்தில் இறக்கம் வந்துவிடும். அந்தக் குறையைக் கடல் காற்று தீர்த்து வைக்கும். கோடையில் மதியத்துக்கு மேல் காற்று தென்கிழக்கிலிருந்து வரும். அப்போது புதுச்சேரியிலிருந்து கடலூரை நோக்கி ஓட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று, அப்போது கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு. எதிர்காற்றில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும், மலையிலும் அப்படித்தானே? சீட்டில் உட்கார்ந்தபடியே, நிமிடத்துக்கு அறுபது சுற்று என்ற கணக்கில் நாற்பது நிமிடம் விடாமல் மிதித்துப் பழகுங்கள்.

அடுத்தது கியர். பின்னால் இருக்கும் 28 பல் உங்களுக்குப் போதாது, 34 பல் வரை உள்ள கேசட் (பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) மாற்றுங்கள். மூன்றாவது ஏற்றத்தில் வேகம் மணிக்கு ஆறரை கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் 28 பல்லில் நிமிடத்துக்கு 42 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் பிடித்துக்கொள்ளும். 34 பல்லில் 50 சுற்றுக்கு மேல் வரும், கால் ஓரளவு லேசாகச் சுழலும். சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் உங்கள் பின் டிரெய்லியர் 34-ஐத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். சங்கிலியும் நீளமாக வேண்டியிருக்கும்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. முதல் ஏற்றத்தை, ‘இவ்வளவு மெதுவாகவா?’ என்று உங்களுக்கே தோன்றுகிற அளவு மெதுவாக ஏறுங்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி வார்த்தை துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள். அடிவாரத்தில் குரங்குகளைத் தாண்டியதும் உடம்பு துள்ளும், புது வண்டிக்காரர் யாராவது முந்திப் போவார். போகட்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் உள்பக்கம் செங்குத்தாக இருக்கும். வண்டி வராத நேரம் பார்த்து, உங்கள் இடப்பக்கத்தை விடாமல், சற்று அகலமாகத் திரும்புங்கள். முதல் ஏற்றத்தில் மிச்சம் பிடித்த தெம்புதான் மூன்றாவதில் கை கொடுக்கும். அதை வேறு எந்தப் பயிற்சியாலும் ஈடுகட்ட முடியாது.

சாப்பாட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். உங்கள் எடையோடு சைக்கிளுக்கு 12 கிலோ சேர்த்தால், 3,000 மீட்டர் ஏற மட்டுமே சுமார் 2,400 கலோரி செலவாகும். பசி எடுப்பதற்கு முன்பே அரை மணிக்கொரு தடவை ஒரு வாழைப்பழமோ நாலு பேரீச்சையோ உள்ளே போகட்டும். தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்துகொள்ளுங்கள். கீழே வந்து சேர்ந்ததும் தயிர்சாதம் சாப்பிடலாம்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராதீர்கள், ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விட்டுவிடுங்கள். கை மரத்தால் நின்று உதறிவிட்டுக் கிளம்புங்கள்.

டிசம்பர் வேண்டாம். 2024-இல் ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரியைப் புரட்டிப் போட்ட அதே நாட்களில் ஏற்காட்டு மலைப்பாதையிலும் மண் சரிந்தது. பிப்ரவரியில், வார நாளாகப் பார்த்துப் போங்கள்.

வீட்டார் சொல்வதை அலட்சியப்படுத்தாதீர்கள். அவர்களுடைய பயம் நியாயமானது. ஒரு இதய மருத்துவரைப் பார்த்து டி.எம்.டி. சோதனை (டிரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்ப்பது) செய்து, அறிக்கையை அவர்கள் கையில் கொடுங்கள். முடிந்தால் அவர்களையும் ஏற்காட்டுக்கு அழைத்துப் போங்கள். ஒவ்வொரு தடவையும் மேலே நமக்காக ஒருவர் நிற்கிறார் என்றால் அந்தத் தெம்பே தனி.

நெல்லிக்குப்பம் கல்லூரி மாணவி: ‘எவரெஸ்டிங்’ என்கிறார்களே, என்ன அது? சின்ன மேட்டில் செய்தாலும் கணக்கில் வருமா?

வரும். ஒரே மேட்டில், ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஏறி மொத்தம் 8,848 மீட்டர் சேர்க்க வேண்டும். ஓய்வெடுக்கலாம், சாப்பிடலாம், தூங்கக் கூடாது. கால வரம்பு இல்லை. 1924-இல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மாலரியின் பேரன், அவர் பெயரும் அதேதான், 1994-இல் ஆஸ்திரேலியாவில் டோனா புவாங் என்ற மலையில் இப்படி ஏறினார். நீங்கள் கால் பங்கிலிருந்து தொடங்குங்கள், 2,212 மீட்டர். லாஸ்பேட்டைக்காரர் போட்டிருக்கும் திட்டமே மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது.

மஞ்சக்குப்பம் வாசகர்: மலை ஏற ஒரு கிலோ எடை குறைவான கார்பன் வீல் வாங்கலாமா?

ஆளும் வண்டியுமாக 82 கிலோ என்றால் ஒரு கிலோ குறைவது ஒன்றேகால் சதவீதம்கூட இல்லை. இரண்டு மணி நேர ஏற்றத்தில் ஒன்றரை நிமிடம் மிச்சமாகும். அந்தப் பணத்தில் நல்ல டயர், புது பிரேக் கட்டை, 34 பல் கேசட் மூன்றையும் வாங்குங்கள். மீதிக்குச் சேலம் போய்வர டிக்கெட் எடுத்துவிடலாம்.