புகைச் சோதனையில் தோற்ற பழைய பைக்: ரீயூனியன் தீவு வாசகர் கேள்வி–பதில்

கே: என்னிடம் இருப்பது 1998-இல் பதிவான 125 சி.சி. நாலு ஸ்ட்ரோக் பைக், கார்புரேட்டர் வண்டி. கோந்த்ரோல் தெக்னிக்குக்கு (பிரெஞ்சு அரசின் கட்டாய வண்டிச் சோதனை) கொண்டுபோனதில் கார்பன் மோனாக்சைடு 6.1 சதவீதம் என்று எழுதி, மறுசோதனைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். கார்புரேட்டரையே புதிதாக வாங்கிப் போடு என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா? (வாசகர், சேந்த்-ஆந்த்ரே)

ப: உண்டு. பெரும்பாலான வண்டிகளுக்குப் புது கார்புரேட்டர் வேண்டியிருக்காது. உங்களுக்கு இரண்டு மாத அவகாசம் இருக்கிறது. அதற்குள் போனால் மறுசோதனை, தவறினால் மறுபடி முழுச் சோதனை.

6.1 என்றால் பெட்ரோல் மிகுதி, காற்றுக் குறைவு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று (எடைக் கணக்கில்) என்பது சரியான எரிப்பு. உங்கள் வண்டி சுமார் 12 பங்கில் ஓடுகிறது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட் இல்லாத பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு 2014-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய ஆணை, பதிவான தேதியைப் பொறுத்து 4.5 அல்லது 3.5 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. 3-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டுப் போங்கள். மெஷினுக்கு மெஷின் சிறு வித்தியாசம் இருக்கும்; அதைத் தாங்க இடம் வேண்டும்.

எல்லாரும் முதலில் கை வைப்பது பைலட் ஸ்க்ரூவில்தான் (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது, அதாவது ஐட்லிங்கில், கலவையைத் திருத்தும் ஸ்க்ரூ). அதைக் கடைசியாகத் தொட வேண்டும். மற்றதெல்லாம் சரியாக இருந்தால்தான் அந்த ஸ்க்ரூவின் திருகலுக்கு அர்த்தம் உண்டு.

ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். காகித ஃபில்டர் என்றால் தட்டி ஊதிப் போடாமல் மாற்றிவிடுங்கள். ஸ்பாஞ்ச் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்தபின் எண்ணெய் விட்டு, சொட்டாத அளவுக்குப் பிழியுங்கள். எண்ணெய் சொட்டச் சொட்ட மாட்டிய ஸ்பாஞ்சும் அடைத்த ஃபில்டர் மாதிரியேதான்.

அடுத்து சோக். கேபிள் சோக் உள்ள வண்டியில், மூடிய நிலையில் கேபிளுக்கு 2, 3 மில்லிமீட்டர் தளர்ச்சி இருக்க வேண்டும். பிளஞ்சரை (கேபிள் இழுக்கும் சின்னத் தண்டு) கழற்றி அடியிலுள்ள ரப்பர் வட்டத்தைப் பாருங்கள். நடுவில் மோதிரம் பதிந்தமாதிரி ஆழமான பள்ளம் விழுந்திருந்தால், சோக் மூடியும் மூடாத கணக்கு. பெட்ரோல் எந்நேரமும் கசிந்துகொண்டிருக்கும். பழைய வண்டியில் அதிகம் அகப்படும் குற்றவாளி இதுதான், கழற்றிப் பார்க்காமல் விடுவதும் இதைத்தான்.

மூன்றாவது ஃப்ளோட் மட்டம், அதாவது கார்புரேட்டர் கிண்ணத்தில் மிதவை நிறுத்திவைக்கும் பெட்ரோல் உயரம். கார்புரேட்டரின் வடிகால் மூக்கில் உள்ளே இருப்பது தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மேலே வளைத்துக் கிண்ணத்தோடு ஒட்டிப் பிடித்து, வடிகால் ஸ்க்ரூவைத் திறங்கள். குழாயில் பெட்ரோல் நிற்கும் உயரம்தான் உள்ளே இருக்கும் மட்டம். கிண்ணத்தின் மேல் விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். விளிம்பைத் தாண்டி ஏறினால், பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் நீடிலின் முனையில் கோடு விழுந்திருக்கிறது. நீடிலையும் சீட்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

இனி, பலர் சந்தேகமே படாத ஓர் இடம்: எஞ்சின் ஆயில். ஃப்ளோட் ஒழுகிய வண்டியில் பெட்ரோல் சிலிண்டர் வழியே இறங்கி ஆயிலில் கலந்திருக்கும். எஞ்சின் சூடானதும் அது ஆவியாகி, பிரீதர் குழாய் வழியே ஏர் பாக்ஸுக்கு வந்து, கார்புரேட்டர் கொடுப்பதோடு சேர்ந்துகொள்ளும். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், அல்லது ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருந்தால், ஆயிலை மாற்றாமல் சோதனைக்குப் போகாதீர்கள். கேஸ் மெஷின் உள்ள பட்டறையில் உறுதி செய்வது சுலபம்: பிரீதர் குழாயை ஏர் பாக்ஸிலிருந்து கழற்றிவிட்டு, அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள். அளவு சட்டென்று ஒரு புள்ளிக்கு மேல் இறங்கினால் பழி ஆயிலின் மேல்தான்.

டப்பெட் (வால்வு) இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். சின்ன ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பிளக் கரிபிடித்திருந்தால் புதுசு போடுங்கள்.

இப்போது ஸ்க்ரூ. உங்கள் வண்டியில் அது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோல் ஸ்க்ரூ: உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று ஸ்க்ரூ: உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். இதைக் குழப்பிக்கொண்டு 6-ஐ 8 ஆக்கிக்கொண்டவர்கள் உண்டு.

பெட்ரோல் ஸ்க்ரூ என்று வைத்துக்கொள்வோம். இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். எஞ்சினை நிறுத்தி, ஸ்க்ரூவை மெல்ல உட்காரும்வரை உள்ளே விடுங்கள். இறுக்கினால் ஊசிமுனை ஒடிந்து கார்புரேட்டருக்குள் மாட்டிக்கொள்ளும்; அப்போதுதான் மெக்கானிக் சொன்ன புது கார்புரேட்டர் நிஜமாகவே தேவைப்படும். இரண்டு சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்து, ஐட்லிங் அதிகபட்சம் ஏறும் இடத்தைத் தேடுங்கள். ஐட்லிங் ஸ்க்ரூவால் எஞ்சின் வேகத்தை நிமிடத்துக்கு 1,400 சுற்றுக்குக் கொண்டுவந்து, பைலட் ஸ்க்ரூவைக் கால் சுற்றாக உள்ளே திருகி, ஐட்லிங் சுமார் 100 சுற்று இறங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் பேராசை வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் பட்பட் என்று வெடித்தால், அல்லது ஐட்லிங் இறங்காமல் தொங்கினால், பெட்ரோலை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள். எக்ஸாஸ்ட் வால்வு கருகத் தொடங்கும்.

ஸ்க்ரூவைத் திருகியும் வண்டிக்கு எந்த மாற்றமும் தெரியவில்லையா? பெட்ரோல் வேறு வழியாக வருகிறது. பைலட் ஜெட்டின் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை) எண்ணைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். முன்னால் வைத்திருந்தவர் பெரிய ஜெட் போட்டிருக்கலாம். இல்லையென்றால் ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் நீடில் ஆடி ஆடி அதன் ஜெட் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும். அதையும் தனியாக மாற்றலாம்.

கே: கடற்கரை ஊரான சேன்-போலில் வாங்கிய 250 சி.சி. வண்டி. நான் இருப்பது மலைமேல், பிளேன்-தெ-காஃப்ரில். இங்கே வந்ததும் பிளக் கருத்தது, பெட்ரோல் வாடை அடித்தது. மெயின் ஜெட்டைச் சின்னதாக்கினேன். ஏற்றத்தில் நன்றாக இழுக்கிறது, ஆனால் சேன்-பியேரில் சோதித்தபோது புகை அளவு இறங்கவே இல்லை. ஏன்? (வாசகர், பிளேன்-தெ-காஃப்ர்)

ப: நீங்கள் செய்தது தப்பில்லை, ஆனால் இந்தச் சோதனைக்கு அது சம்பந்தமில்லை. சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய கணக்கிலேயே பெட்ரோலை விடும். அதனால் கலவை 8 சதவீதம்போலக் கெட்டியாகும், அதாவது பெட்ரோல் மிகுதியாகும். மெயின் ஜெட்டை அந்த அளவுக்குச் சின்னதாக்கியிருந்தால் கணக்கு சரி. ஆனால் மெயின் ஜெட் வேலை செய்வது ஆக்சிலரேட்டரை முக்கால்வாசிக்கு மேல் திறக்கும்போது. ஐட்லிங்கில் அளக்கும் மெஷினுக்கு அது கண்ணிலேயே படாது; அங்கே பேசுவது பைலட் ஜெட்டும் பைலட் ஸ்க்ரூவும்தான்.

இன்னொன்று கவனியுங்கள். மேலிருந்து சேன்-பியேருக்கு இறங்கினால் காற்று அடர்த்தியாகிறது, கலவை தானாகவே இளக வேண்டும். கடற்கரையிலும் அளவு உயர்ந்தே இருக்கிறது என்றால் உயரத்தின் மேல் பழி போட முடியாது. முதல் பதிலில் சொன்ன சோக் ரப்பரையும் ஃப்ளோட்டையும் பாருங்கள். ஸ்க்ரூவைக் கடைசியாக வைப்பதைச் சோதனை நடக்கும் ஊரிலேயே செய்யுங்கள். வீடு திரும்பியதும் மலைக்கு ஏற்றமாதிரி கால் சுற்று மாற்றிக்கொள்ளலாம்.

கே: சைலன்சர் துருப்பிடித்து இணைப்பில் ஓட்டை. அந்த வழியாகப் புகை போனால் குழாயில் அளவு குறைவாகத்தானே காட்டும்? அப்படியே விடலாமா? (வாசகர், சேன்-லே)

ப: கெட்டிக்கார யோசனை, ஆனால் எடுபடாது. புகை அடித்து அடித்து வருவதால், ஒவ்வொரு அடிக்கும் நடுவே அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கார்பன் மோனாக்சைடு குறைந்து காட்டும், கூடவே ஆக்சிஜன் எகிறும். சோதிப்பவருக்கு உடனே புரிந்துவிடும். தவிர, கசியும் சைலன்சரே தனிக் குறை. மேற்குக் கடலோரத்து உப்புக்காற்றில் முதலில் அரிப்பது சைலன்சரின் அடிப்பக்க வெல்டிங், வண்டியைப் படுக்கவைத்துப் பார்த்தால்தான் தெரியும். சைலன்சர் குழாய் சிலிண்டர் ஹெட்டில் சேரும் இடத்தில் செப்பு கேஸ்கெட்டைப் புதுசாகப் போடுங்கள். சின்ன ஓட்டைக்கு எக்ஸாஸ்ட் பேஸ்ட் போதும். உள்ளே தடுப்புத் தகடு உதிர்ந்து கடகட என்றால் சைலன்சரையே மாற்ற வேண்டியதுதான்.

வேறு கம்பெனி சைலன்சர் வாங்கினால் சத்தத்தையும் பாருங்கள். கார்த் கிரிசில் (வண்டிப் பதிவுச் சான்றிதழ்) யு.1 என்ற கட்டத்தில் டெசிபல், யு.2-இல் அதை அளக்க வேண்டிய எஞ்சின் வேகம் இருக்கும். குழாய் வாயிலிருந்து அரை மீட்டர், 45 டிகிரி கோணம்: அளப்பது அப்படித்தான்.

கே: 50 சி.சி. டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர். வெள்ளைப் புகையில் பின்னால் வருபவர் தெரிவதில்லை. (வாசகர், லெ போர்)

ப: முதல் பதிலில் சொன்ன ஐரோப்பிய ஆணையில் டூ ஸ்ட்ரோக்குக்கு மெஷின் அளவீடு இல்லை. ஆனால் இவ்வளவு புகை சோதிப்பவர் கண்ணில் படத்தான் செய்யும். ஆயில் பம்ப் உள்ள வண்டியில் டேங்கில் ஆயில் கலக்கவே கூடாது. இரண்டையும் செய்பவர்கள் நிறையப் பேர். பம்ப் இல்லாவிட்டால் 2 சதவீதம், அதாவது 5 லிட்டருக்கு 100 மில்லி, அளந்து ஊற்றுங்கள். பாட்டிலில் எஃப்.டி. தர முத்திரை இருக்கட்டும். கடைக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓடும் ஸ்கூட்டரின் சைலன்சரில் ஆயில் தேங்கி நிற்கும். சேன்-தெனியிலிருந்து லா மொந்தாஞ் ஏற்றத்தில் இருபது நிமிடம் விடாமல் ஏற்றுங்கள், பாதி எரிந்துபோகும்.

கே: டேங்கில் கொஞ்சம் ரம் ஊற்றினால் புகை குறையும் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், சேன்-பெனுவா)

ப: ஆல்கஹால் கலவையை இளக்கும் என்ற வரை உண்மை. ஆனால் இங்கே விற்கும் 49 டிகிரி வெள்ளை ரம்மில் பாதிக்கு மேல் தண்ணீர். அது பெட்ரோலோடு சேராமல் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் போய் உட்காரும், பைலட் ஜெட் குடிப்பதும் அங்கிருந்துதான். வண்டி சோதனை நிலைய வாசலிலேயே நின்றுவிடும். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்து, ஃப்ளோட் கிண்ணத்தை இரண்டு முறை வடித்துவிட்டு, புதுப் பெட்ரோல் போட்டுக் கொண்டுபோங்கள்.