என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸியில் கேஷ் எப்போதும் ‘மிஸ்’, லாகில் எல்லாருக்கும் ஒரே ஐபி: ஏன்?

என்ஜின்எக்ஸை (nginx, ஒரு வெப் சர்வர் மென்பொருள்) தன் சர்வருக்கு முன்னால் ப்ராக்ஸியாக, அதாவது கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் இடையாளாக, வைத்திருக்கும் ஒருவர் கேட்டது இரண்டு சிக்கல்கள்: கேஷ் (பதில்களைச் சேமித்து வைத்துத் திரும்பக் கொடுப்பது) போட்டும் ஒவ்வொரு கோரிக்கையும் பின்னால் இருக்கும் சர்வருக்கே போகிறது, அந்த சர்வரின் லாகில் ப்ராக்ஸியின் ஐபி மட்டுமே பதிவாகிறது. இரண்டுக்கும் காரணம் வெவ்வேறு.

முதலில் கேஷ் நிலையை (ஹிட்: சேமிப்பிலிருந்து வந்தது, மிஸ்: சேமிப்பில் இல்லை, பைபாஸ்: சேமிப்பைப் பார்க்காமல் தவிர்த்தது) பதில் ஹெடரில் வரச் செய்யுங்கள். அது இல்லாமல் தேடுவது வீண். எதுவுமே வராவிட்டால் அந்த லொக்கேஷனில் (அந்த முகவரிப் பாதைக்கான அமைப்புப் பிரிவில்) கேஷ் இயங்கவேயில்லை. தொடர்ந்து மிஸ் என்றால், பெரும்பாலும் பின்சர்வர் ‘செட்-குக்கி’ (பிரௌசரில் குக்கி வைக்கச் சொல்லும் ஹெடர்) அனுப்புகிறது. அது இருக்கும் பதிலை என்ஜின்எக்ஸ் சேமிக்காது. ‘கேஷ்-கன்ட்ரோல்: பிரைவேட்’ (இந்தப் பதில் ஒருவருக்கு மட்டும் என்ற குறிப்பு) வந்தாலும் அப்படித்தான். ‘செட்-குக்கி’ ஹெடரைப் புறக்கணிக்கச் சொல்லிவிட்டு, குக்கியை மறைக்க மறந்தால் ஒருவருடைய லாகின் இன்னொருவர் கைக்குப் போய்விடும். தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள். லாகின் இல்லாத பக்கங்களில் குக்கி அனுப்புவதை ஆப்பிலேயே நிறுத்துவதுதான் சரியான வழி.

சில நேரம் ஹிட், சில நேரம் மிஸ் என்றால் ‘இன்ஆக்டிவ்’ அளவைப் பாருங்கள். இயல்பாக அது 10 நிமிடம். ஆயுள் 1 நாள் என்று வைத்திருந்தாலும், 10 நிமிடம் யாரும் தொடாத கோப்பு நீக்கப்படும்.

ஐபி விஷயம் எளிது. பின்சர்வரோடு இணைப்பது ப்ராக்ஸிதான், அதனால் அதன் முகவரியே தெரியும். ப்ராக்ஸியில் பயனரின் ஐபியைச் சொல்லும் ‘எக்ஸ்-ஃபார்வேர்டட்-ஃபார்’ ஹெடரை அனுப்பி, பின்சர்வரில் அதைப் படித்து எடுக்கும் ரியல்-ஐபி மாட்யூலை இயக்குங்கள். நம்பகமான முகவரியாக ப்ராக்ஸியின் ஐபியை மட்டும் கொடுங்கள்; 0.0.0.0/0 (எல்லா முகவரிகளும்) கொடுத்தால் பின்சர்வரை நேரடியாக எட்டக்கூடிய எவரும் பொய் ஐபி காட்டலாம்.