முன்வரிசையில் உட்கார்ந்தவரையே கிண்டலடித்தவர்கள்

கேள்வி: கிரேக்க நாடகம் என்றாலே சாபம், கொலை, ஒப்பாரிதான். சரி, நகைச்சுவை எப்படி என்று அரிஸ்டோஃபனீஸ் நாடகங்களை மொழிபெயர்ப்பில் புரட்டினேன். ஆபாசம்தான் கண்ணில் பட்டது. 2,400 வருடத்துப் பழைய ஜோக்கை எதற்குத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள்?

பதில்: ஆபாசம் இருக்கிறது, யார் இல்லை என்றார்கள்? வயிற்றிலும் பின்பக்கத்திலும் திண்டு கட்டிக்கொண்டு, இடுப்பில் தோலால் செய்த ஆண்குறியைத் தொங்கவிட்டபடிதான் நடிகர்கள் வருவார்கள், அதுவும் டயோனைசஸ் கடவுளின் திருவிழாவில், ஊரே கூடியிருக்கும்போது. நீங்கள் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டீர்கள் போலிருக்கிறது.

பழைய ஜோக் என்ற புகாரை உங்களுக்கு முன்பே அரிஸ்டோஃபனீஸ் சொல்லிவிட்டார். கி.மு. 405இல் அரங்கேறிய 'தவளைகள்' தொடங்குவதே அதில்தான். டயோனைசஸ் சிங்கத்தோலைப் போர்த்திக்கொண்டு நடந்து வருகிறார்; அவருடைய அடிமை கழுதைமேல் உட்கார்ந்திருக்கிறான், ஆனால் மூட்டை அவன் தோளில். "ஜனங்கள் எப்போதும் சிரிப்பார்களே, அந்த ஜோக்கில் ஒன்றை எடுத்துவிடட்டுமா எஜமான்?" என்கிறான். எதை வேண்டுமானாலும் சொல், பாரம் அழுத்துகிறது என்று மட்டும் சொல்லாதே, அதையெல்லாம் கேட்டுவிட்டு வெளியே வந்தால் எனக்கு ஒரு வயது கூடிப்போகிறது என்று அலுத்துக்கொள்கிறார் கடவுள். சகப் போட்டியாளர்கள் பெயரைச் சொல்லியே, அவர்கள் நாடகத்தில் சுமைதூக்கி வந்தாலே இதுதானே என்று ஒரு குத்து வேறு. அப்புறம், மூட்டையைச் சுமப்பது நீயா, உன்னைச் சுமக்கும் கழுதையா என்று இரண்டு பேரும் மல்லுக்கு நிற்கிறார்கள். இதில் ஆபாசம் எங்கே இருக்கிறது? ஓரிரண்டு வரி இருக்கிறதுதான், விடுங்கள்.

நான் கொண்டாடுவது அந்தத் துணிச்சலை. கி.மு. 425இல், எதிரி நாடான ஸ்பார்ட்டாவின் வீரர்களைச் சிறைபிடித்துவந்த அரசியல்வாதி கிளியோனுக்கு ஏதென்ஸில் ஏக மரியாதை, அரங்கில் முன்வரிசை இருக்கை உட்பட. மறு வருடமே 'குதிரைவீரர்கள்' நாடகத்தில் அவரை ஒரு திருட்டு வேலைக்காரனாக்கி, அவரைவிடப் பெரிய கத்தலும் அதைவிடப் பெரிய வெட்கங்கெட்டதனமும் உள்ள ஒரு தெருவோர மாமிச வியாபாரியை விட்டு வீழ்த்தினார் அரிஸ்டோஃபனீஸ். நடந்துகொண்டிருந்தது போர்க்காலம். முந்தைய நாடகம் ஒன்றுக்காக இதே கிளியோன் அவரை ஆட்சிமன்றத்துக்கு இழுத்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'குதிரைவீரர்கள்' திருவிழா நாடகப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. விழுந்து விழுந்து சிரித்த அதே ஜனங்கள் கொஞ்ச நாளில் கிளியோனையே தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். நகைச்சுவை ஆட்சியைக் கவிழ்த்துவிடும் என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் நைசாகத் தாண்டிவிடுவார்கள்.

கவிழ்க்காது, ஆனால் காயப்படுத்தும், சில நேரம் ஆள் மாறியும் காயப்படுத்தும். கி.மு. 423இல் 'மேகங்கள்' நாடகத்தில் சாக்ரடீஸைக் கூடையில் தொங்கவிட்டு, தெள்ளுப்பூச்சி எத்தனை அடி தாவும் என்று அளக்கிற ஆசாமியாகக் காட்டினார். போட்டியில் மூன்றாவது, அதாவது கடைசி. 24 வருடம் கழித்து உயிருக்கான விசாரணையில் சாக்ரடீஸ் அந்த நாடகத்தைக் குறிப்பிட்டதாகப் பிளேட்டோ எழுதுகிறார். என்னைக் கேட்டால் அது அநியாயமான கிண்டல்தான், சிரிப்பு வருகிறது என்பதற்காக அது நியாயமாகிவிடாது.

உங்களுக்குச் சிரிப்பு வராததில் பாதி நியாயம் உண்டு. அன்றைய ஏதென்ஸ்காரர்களின் பெயரை வைத்துச் செய்த சிலேடைகளை அடிக்குறிப்பைப் பார்த்துப் பார்த்து யார் சிரிக்க முடியும்? தாண்டிப் போங்கள். நேராகக் 'குளவிகள்' நாடகத்தில் நாய்க்கு வழக்கு நடக்கிற இடத்துக்கு வாருங்கள். தீர்ப்புச் சொல்வதிலேயே பைத்தியமாக இருக்கும் ஒரு கிழவரை மகன் வீட்டிலேயே நீதிபதியாக உட்காரவைக்கிறான். சிசிலிப் பாலாடைக்கட்டியைத் தின்றுவிட்டது என்று ஒரு நாய்மீது இன்னொரு நாய் குற்றம் சாட்டுகிறது (சாட்டுகிற நாய் யார் என்கிறீர்கள்? கிளியோன்தான், மனிதர் விடவே இல்லை). பாலாடைக்கட்டி துருவியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறார்கள், குட்டிகளைக் கொண்டுவந்து ஊளையிட்டு அழவைக்கிறார்கள். வாழ்நாளில் ஒருவரையும் விடுதலை செய்தறியாத கிழவர், மகன் ஏமாற்றியதில் வாக்குக் கூழாங்கல்லைத் தவறான குடத்தில் போட்டுவிட்டு, நாய் விடுதலை என்று தெரிந்ததும் மயங்கி விழுகிறார்.