விலை உயர்ந்த பேஸ் கிட்டார் அந்த விலைக்குத் தகுமா?

ஃபெண்டர் நிறுவனத்தின் மலிவு வகையான ஸ்குவையர் பேஸ் வாசிக்கும் நீங்கள், பல மடங்கு விலை கொடுத்து அமெரிக்காவில் செய்த ஃபெண்டர் பிரெசிஷன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கையிலிருப்பதை நல்ல ஆளிடம் கொடுத்து செட்டப் செய்யுங்கள். கழுத்தின் வளைவு, கம்பி உயரம், இன்டொனேஷன் (கழுத்து நெடுகச் சுருதி சரியாக இருப்பது) மூன்றும் சரியானாலே பாதிக் குறை போய்விடும். கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பைப் பிறகுகூட மாற்றலாம். நல்ல கழுத்துக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

கடையில் ஆம்ப் இல்லாமல் வாசியுங்கள். கழுத்தின் ஓரமாக விரலை ஓட்டுங்கள். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃபிரெட்டின் முனை எங்கும் குத்தக் கூடாது. அப்புறம் ஜி கம்பியில் 5 முதல் 7 வரையுள்ள ஃபிரெட்களில் ஒவ்வொரு சுரமாக மீட்டி, நீள விடுங்கள். சில பேஸ்களில் அங்கே ஒரு சுரம் சட்டென்று செத்துவிடும். விலை உயர்ந்தவற்றிலும் இது உண்டு. அதனால் ஒரே மாடலில் இரண்டு மூன்றை வாசித்துப் பார்த்து, கைக்குப் பிடித்ததையே வாங்குங்கள். வாரை மாட்டி நின்றும் பாருங்கள்.

அமெரிக்க இசை நிறுவனமான மோட்டவுனின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது 1962 பிரெசிஷன். ஒரே பிக்கப், இரண்டே குமிழ், மாற்றாத பழைய ஃபிளாட்வவுண்ட் (தட்டையான இழை சுற்றிய, வழவழப்பான) கம்பிகள். அந்த நாதம் பெரும்பாலும் அவர் விரலில் இருந்தது.

வாராவாரம் மேடையேறுபவர் என்றால் தயங்காமல் வாங்குங்கள். வீட்டில் மட்டும் வாசிப்பதென்றால் நல்ல செகண்ட் ஹேண்ட் போதும்.