நூறு டன் எண்ணெய் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் திருப்பூரில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். அக்கவுண்ட்ஸ் எனக்குப் பிரச்சினையில்லை, கணக்கு டேலி ஆகிவிட்டால் அன்றைக்கு முழுக்க சந்தோஷமாக இருக்கும். ஆனால் இந்த செமஸ்டரில் வந்திருக்கும் பிசினஸ் லா என்னைப் படுத்துகிறது. பிரிவு எண்களையும் வழக்கின் பெயர்களையும் இரவெல்லாம் உருப்போட்டு, காலையில் மறந்துவிடுகிறேன். இன்டர்னலில் ஃபெயில். தமிழில் படித்தால் புரியுமோ என்று ஒரு பழைய புத்தகம் வாங்கினேன். ஆஃபருக்கு முனைவு, கன்சிடரேஷனுக்கு மறுபயன், மைனருக்கு இளவர் என்று இருக்கிறது. அதற்கு ஆங்கிலமே தேவலை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. என் அப்பா சின்னதாக நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். பார்ட்டிகளிடம் நூல் வாங்கி, துணி ஓட்டிக் கொடுத்துக் கூலி வாங்குகிற ஜாப் ஒர்க். பதினைந்து வருடமாக ஒரு தாளிலும் கையெழுத்துப் போடாமல் எல்லாம் போனில்தான். அப்படித்தான் ஊரே ஓடுகிறது. பிறகு இந்தச் சட்டத்தை எதற்குப் படிக்க வேண்டும்? நீங்களும் பி.காம். படித்தவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். பெயரைப் போட வேண்டாம்.

க.

அன்புள்ள க.,

முதலில் உங்கள் அப்பா விஷயம். தாளில் எழுதாமல் தொழில் செய்கிறார் என்கிறீர்கள். சட்டமும் தாளைக் கேட்கவில்லையே! 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பத்தாவது பிரிவை எடுத்துப் பாருங்கள். தகுதியுள்ள இரண்டு பேர், யாருடைய மிரட்டலும் ஏமாற்றும் இல்லாமல், சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்கு, பதிலுக்கு ஒன்று கிடைக்கும்படி ஒப்புக்கொண்டால் அது ஒப்பந்தம். நிலம் விற்பது மாதிரி சிலவற்றுக்குத்தான் எழுத்தும் பதிவும் கட்டாயம். பார்ட்டி போன் செய்து "நாளைக்கு ஐநூறு கிலோ நூல் இறக்கறேன், போன தடவை கூலிதான்" என்று சொல்லி, உங்கள் அப்பா "சரிங்க" என்றார் பாருங்கள், அங்கேயே முடிந்தது. உங்கள் பேராசிரியரும் நானும் சேர்ந்து ஆயுளில் செய்த ஒப்பந்தங்களைவிட அவர் ஒரு மாதத்தில் செய்வது அதிகம். தகராறு என்று வந்தால் அதை நிரூபிப்பது தனிப் பாடு. சலானும் பில்லும் வாட்ஸ்அப் செய்தியும் அதற்குத்தான்.

போனில் பேசுவதைப் பற்றியே உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு உங்கள் பாடத்தில் இருக்கும். கேடியா வழக்கு, 1966 என்று குறிப்பு எடுத்திருப்பீர்கள். அந்தப் பெயரை மறந்துவிட்டு என்ன சண்டை என்று மட்டும் பாருங்கள். அகமதாபாத்காரர் ஒருவர் காம்காவ் என்ற ஊரில் உள்ள எண்ணெய் ஆலைக்கு டிரங்கால் (அந்தக் காலத்து வெளியூர் போன்) போட்டு, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வேண்டும் என்கிறார். ஆலைக்காரர் சரி என்கிறார். சரக்கு வரவில்லை. 31,150 ரூபாய் நஷ்டஈடு கேட்டு அகமதாபாத்தில் வழக்கு. ஆலைக்காரர் சொன்னது இது: "நான் சரி என்று சொன்னது எங்கள் ஊரில் இருந்துகொண்டு. ஒப்பந்தம் இங்கேதான் நடந்தது. வழக்கையும் இங்கே வந்து போடு."

தபாலில் என்றால், சம்மதக் கடிதத்தைப் பெட்டியில் போட்ட ஊரில் ஒப்பந்தம் உருவாகிறது என்பது விதி. போனுக்கும் அதுவா? இல்லை என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். எதிரில் நின்று பேசுவது போலத்தான் போனும், "சரி" என்ற சொல் யார் காதில் விழுந்ததோ அவர் ஊரில்தான் ஒப்பந்தம் என்று சொல்லி, அகமதாபாத் வழக்கைச் செல்ல விட்டார்கள். நீதிபதி ஹிதாயத்துல்லா ஒத்துக்கொள்ளவில்லை. 1872இல் போனே கிடையாது, இருக்கிற பிரிவின் வார்த்தைகளைப் படித்தால் பேசியவரின் ஊர்தான் வருகிறது என்று தனியாக எழுதினார். எனக்கு இன்றும் அவர் பக்கம் ஒரு சாய்வு உண்டு. அது கிடக்கட்டும். பிண்ணாக்கு, டிரங்கால், வராத சரக்கு என்று சொன்னால் உங்கள் அப்பாவுக்கு ஒரு தடவையில் மனதில் நிற்கும். நீங்கள் வழக்கின் பெயரில் தொடங்குகிறீர்கள், அதனால்தான் ஒட்டவில்லை.

இரண்டாவது, நோட்ஸை மூடிவைத்துவிட்டு மூலச் சட்டத்தை வாங்குங்கள். சட்டப் புத்தகக் கடையில் "பேர் ஆக்ட்" என்று கேட்டால் மெல்லிய புத்தகமாகத் தருவார்கள். அரசின் இந்தியா கோடு இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது. அதில் பிரிவுகளைவிட முக்கியம், பல பிரிவுகளின் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் உதாரணங்கள். நோட்ஸ் போடுகிறவர்கள் முதலில் வெட்டுவது அதைத்தான். இந்தியச் சட்டங்களில் இப்படி உதாரணம் வைக்கும் பழக்கம் மெக்காலே 1837இல் தயாரித்த தண்டனைச் சட்ட வரைவிலிருந்து வருகிறது. சிறுகதை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு வரியில் ஆளையும் ஆசையையும் சிக்கலையும் கொண்டுவருவது லேசான வேலை இல்லை.

29ஆவது பிரிவைப் பாருங்கள். என்ன பேசினோம் என்று தெளிவாகத் தெரியாத உடன்பாடு செல்லாது. கீழே உதாரணம்: ஏ என்பவர் பி என்பவருக்கு நூறு டன் எண்ணெய் விற்க ஒப்புக்கொள்கிறார். என்ன எண்ணெய்? சொல்லவில்லை. செல்லாது. இன்னொரு உதாரணத்தில் அதே நூறு டன் எண்ணெய்தான், ஆனால் ஏ தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கும் வியாபாரி. இப்போது செல்லும். காங்கேயத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் மில்லுக்கு போன் போட்டு "பத்து டின் எண்ணெய் அனுப்புங்க" என்றால் கடலை எண்ணெயா என்று யாராவது கேட்பார்களா? 1872இல் எழுதியவருக்கு அது தெரிந்திருக்கிறது.

17ஆவது பிரிவில் ஒரு குதிரை. அதற்கு ஏதோ குறை. ஏ அதை ஏலத்தில் பி-க்கு விற்கிறார். குறை தெரியும், வாய் திறக்கவில்லை. மோசடி இல்லை என்கிறது சட்டம். வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும். அடுத்த வரியில் பி யார் என்றால் ஏ-வின் மகள், இப்போதுதான் மேஜரானவள். அதே குதிரை, அதே மௌனம். ஆனால் மகளிடம் சொல்லியிருக்க வேண்டியது அப்பாவின் கடமை. இதைப் படித்த அன்று ஹாஸ்டலில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 16இல் கிராமத்து வட்டிக்காரர் வருகிறார், 56இல் மந்திரத்தால் புதையல் எடுத்துத் தருவதாக ஒருவர் வருகிறார். ஏ, பி என்று இருப்பதுதான் தொந்தரவு. அழித்துவிட்டு உங்களுக்குத் தெரிந்த ஆட்களின் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். புதையல்காரர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார்.

உங்கள் அப்பாவின் பெயரை எழுத வேண்டிய இடம் 170ஆவது பிரிவு. பெயில்மென்ட் என்று பாடத்தில் வரும். ஒருவருடைய பொருளை ஒரு வேலைக்காக இன்னொருவரிடம் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்குவது. திருப்பூரே அதில்தான் ஓடுகிறது. நூல் பார்ட்டியுடையது, நிட்டிங்கில் துணியாகிறது, சாயப்பட்டறைக்குப் போகிறது, காம்பாக்டிங் போகிறது. எந்த இடத்திலும் வேலை செய்கிறவருக்குத் துணி சொந்தமில்லை. கூலி வரவில்லை என்றால் என்ன செய்யலாம்? தன் உழைப்பு ஏறிய அந்தத் துணியை, கூலி வரும்வரை தன்னிடமே வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்கிறது 170. உதாரணத்தில் பட்டை தீட்டக் கொடுத்த வைரம் இருக்கிறது.

ஆனால் இரண்டாவது உதாரணத்தில் ஒரு தையல்காரர் இருக்கிறார். கோட்டு தைத்ததும் கொடுத்துவிடுகிறேன், கூலிக்கு மூன்று மாதம் தவணை என்று அவரே ஒப்புக்கொண்டவர். அவர் கோட்டைப் பிடித்துவைக்க முடியாது. கடன் கொடுத்த அன்றே அந்த உரிமை போய்விட்டது. இப்போது உங்கள் ஊரை யோசித்துப் பாருங்கள். இத்தனை நாள் கழித்துப் பணம் என்று ஒப்புக்கொள்ளாமல் அங்கே யாருக்காவது ஜாப் ஒர்க் கிடைக்கிறதா? இன்னொன்று, போன மாதப் பாக்கிக்காக இந்த மாதத் துணியை நிறுத்திவைப்பதும் 170இல் வராது. அப்படிப் பொதுவாகப் பிடித்துவைக்கும் உரிமையை 171 வங்கி மாதிரி ஒரு சிலருக்குத்தான் கொடுக்கிறது. மற்றவர்களுக்கு வேண்டுமென்றால் அதை வெளிப்படையாகப் பேசி வைத்திருக்க வேண்டும். சலானில் ஒரு வரி அச்சடித்து, பார்ட்டி அதை ஒப்புக்கொண்டு வாங்கினால் வாதாடவாவது ஒரு பிடி இருக்கும். இதை அப்பாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிப் பாருங்கள். உங்கள் படிப்பைப் பற்றி அவர் கேட்கும் முதல் கேள்வி அன்றைக்கு வரும்.

மூலச் சட்டத்தைப் புரட்டினால் ஒரு விசித்திரம் தெரியும். 75க்குப் பிறகு நேராக 124. பக்கம் கிழியவில்லை, பயப்படாதீர்கள். நடுவில் இருந்தது சரக்கு விற்பனை. 1930இல் தனிச் சட்டமாகப் பிரிந்து போய்விட்டது. கடைசியில் இருந்த கூட்டு வியாபாரம் 1932இல் தனிக்குடித்தனம் போனது. உங்கள் பாடத்திட்டத்தில் சரக்கு விற்பனைச் சட்டம் ஒப்பந்தச் சட்டத்தை ஒட்டியே வருவதற்கு இதுதான் காரணம். ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

தமிழ்ச் சொற்களைப் பற்றிக் கோபப்பட்டிருந்தீர்கள். முனைவு எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் மறுபயனை விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் "கன்சிடரேஷன்" என்று சொல்லும்போது ஒன்றும் தெரிவதில்லை. மறுபயன் என்றால் பதிலுக்கு என்ன என்ற கேள்வியே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இதில் நம் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துக்குப் பங்குண்டு. 1880களின் தொடக்கத்தில், சின்னையா வழக்கு. ஒரு மூதாட்டி மகளுக்குச் சொத்தை எழுதிவைக்கிறார், தன் உடன்பிறந்தவருக்கு வருடம் 653 ரூபாய் கொடுத்துவர வேண்டும் என்று நிபந்தனையோடு. மகளும் அந்த உறவினருக்குத் தனியாக எழுதிக் கொடுக்கிறாள். பிறகு, "உன்னிடமிருந்து எனக்கு என்ன கிடைத்தது?" என்று கையை விரிக்கிறாள். அம்மாவிடமிருந்து கிடைத்தது போதும், கொடு என்றது நீதிமன்றம். இங்கிலாந்துச் சட்டத்தில் அந்த உறவினருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. மறுபயன் வேறு ஒருவரிடமிருந்தும் வரலாம் என்று பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதுவீர்களே, அது இந்தச் சொத்துச் சண்டைதான்.

நான் இந்தப் பாடத்தில் 71 வாங்கியவன். உருப்போட்டு வாங்கிய 71. 128ஆவது பிரிவை, பிணை கொடுத்தவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது என்று, கமா மாறாமல் எழுதினேன். வேலைக்குப் போன இரண்டாம் வருடம் ஒரு நண்பன் தனியார் பைனான்ஸில் வண்டிக்கடன் வாங்கினான். "சும்மா பேருக்கு ஒரு கையெழுத்து" என்றான். டீக்கடை பெஞ்சில் வைத்துப் போட்டுக் கொடுத்தேன். ஏழாவது மாதம் எனக்கு நோட்டீஸ் வந்தது. கோபத்தோடு போய், "அவன்தானே வாங்கினான், முதலில் அவன்கிட்டே கேட்டுவிட்டு வாங்க" என்று சத்தம் போட்டேன். அங்கிருந்த வயதான கணக்கர் கோபப்படவே இல்லை. "என்ன படிச்சீங்க தம்பி?" என்றார். பி.காம். என்றேன். சிரித்தார், அவ்வளவுதான். கடன் வாங்கியவரைத் தீர்த்துவிட்டுத்தான் பிணைக்காரரிடம் வர வேண்டும் என்று ஒரு கீழ் நீதிமன்றம் போட்ட நிபந்தனையை, பாங்க் ஆஃப் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றமே நீக்கிவிட்டது. 1969 தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. அதையும் நான் பரீட்சையில் எழுதியிருந்தேன். பதினொரு மாதம் என் சம்பளத்தில் தவணை கட்டினேன். நண்பன் பிறகு பாதி கொடுத்தான்.

பரீட்சைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பிரிவு எண் முக்கியமான பதினைந்து இருபது போதும், எண் தப்பாக எழுதுவதைவிட எழுதாமல் விடுவது மேல். பிரச்சினைக் கேள்வி வந்தால் சட்டம் என்ன சொல்கிறது, இங்கே நடந்தது என்ன, ஆகவே யாருக்கு உரிமை என்ற வரிசையில் எழுதுங்கள். சி.ஏ. ஃபவுண்டேஷனுக்குப் போகும் எண்ணமிருந்தால் அங்கும் இதே வரிசைதான் எடுபடும். ஆங்கிலம் சின்னச் சின்ன வாக்கியமாக இருக்கட்டும், திருத்துகிறவர் இலக்கியம் தேடுவதில்லை.

போவதற்கு முன் 70ஆவது பிரிவின் உதாரணம் ஒன்று. ஒரு வியாபாரி தவறுதலாக வேறொருவர் வீட்டில் சரக்கை வைத்துவிட்டுப் போகிறார். அந்த வீட்டுக்காரர் அதைத் தன்னுடையது போல எடுத்துப் பயன்படுத்திவிடுகிறார். முனைவு இல்லை, ஏற்பு இல்லை, போன்கூட இல்லை. பணம் கொடுக்க வேண்டுமா? விடையைப் பார்ப்பதற்கு முன், குடோனில் அப்படி யாருடைய நூல் மூட்டையாவது மாறி இறங்கியிருக்கிறதா, அப்போது என்ன செய்தார் என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்.